ஊசி முனை தொலைந்தால் யாரிடம் சொல்வது? திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், ஃபேக்டரி மேனேஜர்களுக்கும், எச்.ஆர். துறையினருக்கும்

வணக்கமுங்க.

டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற கைமடிப்புப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் டைலராகி, அப்புறம் பதினோரு வருஷம் லைன் சூப்பர்வைசராகவும் ஃப்ளோர் இன்சார்ஜாகவும் இருந்தவள் நான். இப்போது கம்பெனி வேலையில் இல்லை. கூப்பிடுகிற இடங்களுக்குப் போய்ப் புது சூப்பர்வைசர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். "பேசவா? அவங்களுக்கா? வாயை மூடச் சொல்லிக் குடுங்க, புண்ணியமாப் போகும்" என்று உங்களில் ஒருவர் சிரித்தார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் இந்த மடல்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் லைனில் கைக்குழந்தை உடுப்பு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை உடுப்பு என்றால் ஊசி விஷயத்தில் எவ்வளவு கெடுபிடி என்பது உங்களுக்குத் தெரியும். ஊசி உடைந்தால் துண்டு துணுக்கு எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துணுக்கு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ் மொத்தத்தையும் தனியே எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. பிரித்துப் பார்த்தால் ஒரு பாடிசூட்டின் தோள் தையலுக்குள் ஊசி முனை. அரிசி முனை அளவுகூட இல்லை. கட்டி அடுக்கிய பெட்டிகளையெல்லாம் மறுபடி பிரித்தோம். அன்றைக்கு ராத்திரி யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

எந்த மெஷின் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருபது வயசு இருக்கும். ஊசி உடைந்ததும் முனையைத் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. பக்கத்து லைன் மெக்கானிக்கிடம் கெஞ்சி வேறு ஊசி வாங்கி மாட்டிக்கொண்டு தைக்க ஆரம்பித்துவிட்டாள். "ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "முந்தாநாள் அந்த அக்காவை நீங்க பேசினதைப் பார்த்துட்டேனுங்க."

முந்தாநாள் என்ன நடந்தது? அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டைலர் ஊசி உடைந்ததை முறையாக வந்து சொன்னார். இருபது நிமிஷம் தேடினோம். லைன் நின்றது. மணிக்கு எத்தனை பீஸ் முடிந்தது என்று எழுதுகிற போர்டில், எண்பது டார்கெட்டுக்கு ஐம்பத்து மூன்று என்று எழுத வேண்டியதாயிற்று. ஆத்திரத்தில் அவரை லைன் மொத்தமும் பார்க்க வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் செய்தது முழுக்கச் சரி. உண்மையைச் சொன்னதற்கு நான் கொடுத்த கூலி அது. முப்பது பேர் மெஷினை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்து, இனி ஊசி உடைந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கே படித்துக்கொண்டார்கள். நான் நடத்திய முதல் பயிற்சி வகுப்பு அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். ஒரே ஒரு பாடம், முப்பது பேரும் பாஸ்.

இதில் என்னை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடாதீர்கள். அந்த அக்காவை நான் பேசியதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அதே போர்டுக்கு முன்னால் மேனேஜர் என்னைப் பேசினார். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் போனில் எம்.டி. அவரைப் பேசினார். கப்பலில் போக வேண்டிய சரக்கு தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்த ஆர்டரின் லாபம் அதோடு போய்விடும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் எம்.டி.யிடம் என்ன சொன்னாரோ, அது இங்கிலீஷில் நாசூக்காக இருந்திருக்கும். படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் நாற்பத்தைந்து வயசுக்காரி ஒருத்தியின் காதில் விழும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, சூப்பர்வைசரை நாம் எப்படி உருவாக்குகிறோம்? லைனிலேயே வேகமாகத் தைக்கிற ஆளைப் பார்த்து, ஒரு திங்கட்கிழமை காலையில் கையில் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, "இனிமே நீதான் பார்த்துக்கணும்" என்கிறோம். கைமடிப்பிலிருந்து பவர் டேபிள் தையல் மெஷினுக்குப் போக அந்த ஆளுக்கு வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். காலர் வைக்க, நெக் ரிப் ஏற்ற, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று யாரோ கற்றுக்கொடுத்திருப்பார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவரிடம் இன்றைக்கு "உங்க பீஸ் சரியில்லை" என்று எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. தன்னைத் திட்டிய பழைய சூப்பர்வைசர் எப்படித் திட்டினாரோ அதையே இவரும் செய்கிறார். தெரிந்த ஒரே முறை அதுதான்.

பயிற்சியே இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை அவிநாசி ரோட்டில் ஏசி ஹால் எடுக்கிறீர்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பலூன் ஊதச் சொல்கிறார், கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொல்கிறார், 'தலைமைப் பண்புகள்' என்று திரையில் எழுத்துப் பறக்கிறது. மத்தியானம் நல்ல சாப்பாடு. சாயங்காலம் சர்டிஃபிகேட்டோடு ஃபோட்டோ, அது ஆடிட் ஃபைலுக்குப் போகிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு போர்டில் எழுதும்போது பலூன் யாருக்கு ஞாபகம் வரும்? ஹால்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது.

நான் செய்வது வேறு மாதிரி. உங்கள் கேன்டீனில், ஷிஃப்ட் நேரத்திலேயே, எட்டுப் பத்துப் பேர். நடுவில் ஒரு மேஜை, மேஜை மேல் அன்றைக்கு செக்கிங்கில் தள்ளிய, திருத்தித் தைக்க வேண்டிய ஆல்டர் பீஸ் ஒரு கட்டு. ஒருவர் சூப்பர்வைசராகவே இருப்பார், எதிரில் செக்கிங் அக்கா ஒருவர் டைலராக உட்காருவார். போன தடவை தாராபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் முதலில் வந்தார். நல்ல பையன். பீஸைத் தூக்கிப் போட்டு, "கண்ணு தெரியலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் பழக்கமான வசனம். இரண்டாம் தடவை மரியாதையாகப் பேசச் சொன்னேன். "அக்கா, நீங்க ஏன் இப்படித் தைக்கிறீங்க?" என்றார். சொல்லில் மரியாதை இருந்தது, ஆனால் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 'ஏன் இப்படி' என்பது கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி கிடையாது.

மூன்றாம் தடவை பீஸை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த எட்டுலயும் கை ஜாயிண்ட்ல தையல் விட்டிருக்குதுங்கக்கா. காலைல வந்ததெல்லாம் நல்லா இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல என்னாச்சுங்க?" அருமை. இப்போது சும்மா இருங்கள் என்றேன். அதுதான் அவரால் முடியவில்லை. மூணு விநாடி கழித்து அவரே, "தூங்கிட்டீங்களா?" என்று போட்டாரே பார்க்கலாம். கேன்டீன் ஆடிப்போனது. மறுபடி செய்தோம். இந்தத் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். செக்கிங் அக்கா நிதானமாகச் சொன்னார்: "சாப்பாட்டுக்கு அப்புறம் லூப்பர் நூல் மாத்தினாங்க. அப்போயிருந்து அறுந்துட்டே இருக்குது. சொன்னா, தைக்கத் தெரியாம நூலைக் குத்தம் சொல்றேம்பீங்க." நடிப்புக்காகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. அந்தத் தம்பி நோட்டில் நூல் லாட் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

கோயம்புத்தூர் மரியாதை என்று ஊர் உலகமெல்லாம் நம்மைச் சொல்லும். கைக்குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்று கொஞ்சுகிறவர்கள் நாம். அந்த 'ங்க' கேட்டில் பஞ்ச் வைத்து உள்ளே நுழைந்ததும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? இருபத்து நான்கு வயசு சூப்பர்வைசர் தன் அம்மா வயசுக்காரரை "ஏ, இங்க வா" என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே உங்கள் மேனேஜர்கள் கடந்து போகிறார்கள்.

"சாந்தமாப் பேசினா தலைமேல ஏறிக்குவாங்க" என்று சொல்வீர்கள். எனக்கும் ஒரு காலத்தில் அந்த நம்பிக்கை இருந்தது. ஆனால் நாள் பூராவும் சத்தம் போடுகிற சூப்பர்வைசரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சொல்ல வேண்டிய ஒரே ஒரு கடினமான விஷயத்தை, சொல்ல வேண்டிய ஆளிடம் அவர் சொல்லியிருக்கவே மாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு ஃப்ளோரில் பிளாட்லாக் மெஷின் ஓட்டும் மூத்த ஆள் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் குடித்துவிட்டு வருவார். எல்லோருக்கும் தெரியும். மூணு வாரம் சூப்பர்வைசர் பொதுவாக 'ஒழுக்கம் கெட்டுப் போச்சு' என்று லைன் முழுவதையும் திட்டினார். குடிக்காத இருபத்தொன்பது பேர் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவரைத் தனியே அழைத்து, "வாசனை வருதுங்கண்ணா. இந்த மெஷின்ல உட்கார விடமாட்டேன். இன்னிக்கு வீட்டுக்குப் போங்க, நாளைக்குக் காலைல பேசலாம்" என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. சத்தம் போடாமல் சொல்கிற அந்த வாக்கியம்தான் கடினம். லீவு இல்லை என்று சொல்வது, மூணு நாள் லேட்டாக வந்ததற்கு அரை ஷிஃப்ட் வெட்டுகிறேன் என்று சொல்வது, இந்த ஆர்டரோடு கான்ட்ராக்ட் முடிகிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது, இதையெல்லாம்தான் பழக வேண்டும்.

இது புதுசாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்காவில் அனுபவமில்லாத லட்சக்கணக்கான பேரை ஆலைகளில் இறக்கினார்கள். அவர்களை மேய்க்க அதே அளவு அனுபவமில்லாத ஃபோர்மேன்கள். 1940-லிருந்து 1945 வரை அரசாங்கமே 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டத்தை நடத்தியது. அதில் ஆட்களோடு பழகுவதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. மொத்தம் பத்து மணி நேரம்தான்: இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து தடவை உட்காருவது, ஒரு குழுவில் சுமார் பத்துப் பேர். ஒவ்வொருவரும் தன் ஃப்ளோரில் நடந்த ஒரு நிஜமான சிக்கலைக் கொண்டுவந்து சொல்ல வேண்டும். முடிவில் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டை. முதலில் நடந்ததைத் தெரிந்துகொள், சம்பந்தப்பட்டவர் என்ன நினைக்கிறார் என்பதும் அதில் சேர்த்தி, பிறகு யோசித்து முடிவெடு, பிறகு செய், செய்தது பலித்ததா என்று திரும்பிப் போய்ப் பார். இவ்வளவுதான். போருக்குப் பிறகு இது ஜப்பானுக்குப் போய், 1950-களில் டொயோட்டா இதை எடுத்துக்கொண்டது. நீங்கள் லீன், கைசன் என்று விரயம் குறைக்கிற முறைகளைக் கன்சல்டன்ட்டுக்குப் பணம் கட்டி வாங்குகிறீர்களே, அதன் ஒரு வேர் இந்த அட்டையில் இருக்கிறது. வேரை மட்டும் விட்டுவிட்டு வாங்குகிறோம்.

அந்த அட்டையில் எனக்குப் பிடித்தது இன்னொரு வரி: ஒருவரைப் பாதிக்கப் போகிற மாற்றத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. நம் ஃப்ளோரில் பாதிச் சண்டை இதனால் வருகிறது. இன்றைக்கு ஒன்றரை ஷிஃப்ட் என்பதைச் சாயங்காலம் நாலரை மணிக்குச் சொன்னால், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த பெண் என்ன செய்வாள்?

எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'பேசி முடிச்சுக்கலாம்' என்ற வார்த்தையை நம் கம்பெனிகள் மோசமாகப் பயன்படுத்துகின்றன. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடை ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொலையானார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் விடாமல் போராடியதால், 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் வெளிநாட்டு பிராண்டும் கையெழுத்துப் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி, புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை எல்லாம் அதில் இருந்தன. நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் நடந்தது இது.

அதனால் என் வகுப்பில் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன். ஒரு பெண் வந்து கை வைத்தான், அசிங்கமாகப் பேசினான் என்று சொன்னால், சூப்பர்வைசர் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பண்ணக் கூடாது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கிற 2013-ஆம் வருஷச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தப் பெண் தானாகக் கேட்டாலொழிய சமரசம் என்ற பேச்சே கிடையாது, கேட்டாலும் பணத்தை வைத்துச் சமரசம் கிடையாது. சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியது இரண்டு வாக்கியம்: "நீங்க சொன்னதை நான் கேட்டுக்கிட்டேங்க. குழுவுல புகார் குடுக்க நான் கூட வர்றேன்." அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கம்பெனியில் கேட்டபோது, நோட்டீஸ் போர்டில் பெயர் இருந்த ஒரு அம்மாவுக்கே தான் உறுப்பினர் என்பது தெரியவில்லை.

குறைதீர்ப்புக் குழுவும் அப்படித்தான். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் இருக்க வேண்டும், முதலாளி, தொழிலாளி இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, 30 நாளில் முடிவு என்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பேப்பரில் எல்லோரிடமும் இருக்கிறது. அதில் உட்காருகிறவர்களுக்குக் கேட்கவும் பேசவும் கற்றுக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்தது பாஷை. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் இன்றைக்கு எந்த லைனும் ஓடாது. நம் சூப்பர்வைசர்கள் கற்றுக்கொண்ட முதல் இந்தி வார்த்தை 'ஜல்தி', சீக்கிரம் என்று அர்த்தம். இரண்டாவதை இங்கே எழுத முடியாது. 2023 மார்ச்சில் வடமாநிலத்துக்காரர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகளே திருப்பூர் வரை வந்து பார்த்தார்களே, ஞாபகம் இருக்கும். அந்த வாரம் எங்கள் ஃப்ளோரில் பாதிப் பேர் பெட்டி கட்டிவிட்டார்கள். ஒரு லைனில் மட்டும் இரண்டு பேர்தான் போனார்கள். அந்த லைன் சூப்பர்வைசருக்கு இந்தி சரளமாகவெல்லாம் வராது. ஆனால் தினமும் காலையில் ஒவ்வொரு மெஷினாக நின்று 'க்யா ஹுவா, கானா காயா?' (என்னாச்சு, சாப்பிட்டாச்சா?) என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. வீடியோவைப் பார்த்து பயந்ததும் அந்தப் பையன்கள் அவரிடம்தான் போனைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பிரச்சினை வந்த அன்றைக்குப் போய்ப் பேச ஆரம்பித்தால் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

உங்களுக்குப் பேச்சுவார்த்தை தெரியாது என்று நான் சொன்னால் அது பொய். விலைவாசி ஏற்றத்துக்கு ஈடான பஞ்சப்படிக்காக 1984-இல் மாசக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பார்த்த ஊர் இது. சம்பள ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு தடவையும் தொழிற்சங்கங்களோடு பல சுற்று உட்காருகிறீர்கள். கோபமாக எழுந்து போய், மறுபடி வந்து உட்கார்ந்து, கடைசியில் கையெழுத்துப் போட்டு டீ குடிக்கிறீர்கள். எதிரில் இருப்பவரை முழுசாகப் பேசவிட வேண்டும், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது என்பதெல்லாம் அந்த மேஜையில் உங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. அந்த மேஜைக்கும் லைனுக்கும் நடுவில்தான் எங்கேயோ அறுந்துபோகிறது. உங்களில் பலர் ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள், யாரோ ஒருவர் தூக்கி எறிந்த பீஸைப் பொறுக்கியவர்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஆக, நான் கேட்பது இதுதான். பத்து மணி நேரம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஷிஃப்ட்டில், சம்பளத்தோடு. சூப்பர்வைசர் ஆக்கப் போகிறவருக்கு நோட்டைக் கொடுப்பதற்கு முன்னால் கொடுங்கள், ஆறு மாசம் கழித்து வேண்டாம். தைக்கிறவர்களில் பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது நோட்டு பெரும்பாலும் ஆண்கள் கைக்கே போவது ஏன் என்றும் ஒரு தடவை யோசியுங்கள். ஊசி உடைந்ததையோ தப்பு நடந்ததையோ தானாக வந்து சொல்கிறவரை எக்காரணம் கொண்டும் திட்டுவதில்லை என்று நீங்களே ஃப்ளோரில் நின்று சொல்லுங்கள்; சொல்லிவிட்டு, முதல் தடவை லைன் இருபது நிமிஷம் நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், உங்கள் மேனேஜரும் வகுப்பில் உட்கார வேண்டும். முடிந்தால் நீங்களும். ஒரு முதலாளி நிஜமாகவே வந்தார், ஈரோடு ரோட்டில் யூனிட் வைத்திருப்பவர். பெண் சூப்பர்வைசர் ஒருவர் எம்.டி.யாக நடித்தார், முதலாளி மேனேஜராக நின்றார். அந்தப் பெண், போனில் இவர் பேசுவதை அப்படியே, இருமல் உட்பட, பேசிக் காட்டினார். யாரும் சிரிக்கத் துணியவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் கழித்து, "இப்படியா பேசுறேன்?" என்றார். "இது கொஞ்சம் கம்மிங்க சார்" என்றார் அவருடைய நிஜ மேனேஜர். அந்த யூனிட்டில் மணி நேர போர்டுக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசுவது இப்போது நின்றிருக்கிறது. ஆபீஸ் ரூமில் நடக்கிறது, கதவு சாத்தி. சத்தம் முழுசாக நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை.

வருவதென்றால் புதன் அல்லது வியாழன் மத்தியானம் சொல்லுங்கள். சனிக்கிழமை சம்பள நாள், யாருக்கும் காது இருக்காது. ஹால் வேண்டாம், ஏசி வேண்டாம். கேன்டீனில் ஒரு மேஜையைத் துடைத்து, அன்றைக்கு வந்த ஆல்டர் பீஸில் ஒரு கட்டு எடுத்து வைத்தால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் லைன் சூப்பர்வைசர் ஒருத்தி
திருப்பூர்